நாலாம் நம்பர் மடிப்பு

மம்சாபுரம் பஸ் நிறுத்தத்தில் ராஜபாளையம் போகிறவர்களும் ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறவர்களும் ஒரே டீக்கடை நிழலில்தான் நிற்போம். எந்தப் பக்கத்து பஸ் முதலில் வருகிறதோ அந்தக் கூட்டம் கலையும். பேச்சியம்மாள் அக்காவுக்கு ராஜபாளையம் பஸ். புண்ணுக்குக் கட்டும் காஸ் துணியை மடித்து ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பும் சின்ன யூனிட்டில் பதினோரு வருடமாக வேலை. எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ். அங்கே ஒரு வக்கீலம்மாவிடம் குமாஸ்தா.

அன்று காலை செல்போனில் ஒரு செய்தியைப் படித்துக்கொண்டிருந்தேன். புதிய தொழிலாளர் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன, இனி வேலை பார்க்கிற எல்லாருக்கும் நியமனக் கடிதம் கட்டாயம் என்று போட்டிருந்தது. எனக்கு எதையும் மனதுக்குள் படிக்கும் பழக்கம் கிடையாது. வாய்விட்டே படித்தேன்.

அக்கா பக்கத்தில் நகர்ந்து வந்து, "அந்தக் கடுதாசில என்னட்டி எழுதியிருக்கும்?" என்றார்.

பெயர், சேர்ந்த நாள், என்ன வேலை, எத்தனை மணி நேரம் எல்லாம் இருக்கும் என்றேன்.

"வேலைக்குன்னு ஒரு பேரும் போடுவாங்களோ?"

"ஆமாக்கா. போஸ்ட் பேரு."

ராஜபாளையம் பஸ் திருப்பத்தில் தெரிந்தது. அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு, ஏறுவதற்கு முன்னால் என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "அப்ப என் வேலைக்கு என்ன பேரா இருக்கும்?"

பஸ் போன பிறகும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். பதினோரு வருடம் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரே வேலையைப் பார்க்கிற ஒருவருக்குத் தன் வேலையின் பெயர் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசை மட்டும் இருக்கிறது. இதை எழுதிக் கொடுப்பது முதலாளியின் பெருந்தன்மையா, இல்லை அக்காவின் உரிமையா? உரிமை என்றால் எங்கே எழுதியிருக்கிறது? அரசியலமைப்பில் எங்கேயாவது இருக்குமா? என் பஸ் வந்து போனதையும் நான் கவனிக்கவில்லை.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம், போன மாதம் குமாஸ்தா வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். இருபத்தாறு வயதில் ஓய்வா என்று வீட்டில் கேட்கிறார்கள். என் நாற்காலிக்கு வந்திருக்கும் பெண் போன வாரம் போன் செய்து, "அந்தக் காஸ் துணி கேஸ் கட்டுல பாதிக் கதைதான் இருக்கு, மீதி எங்க?" என்று கேட்டாள். மீதி என்னிடம்தான் இருக்கிறது.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சட்டம் படித்து முடித்ததும் உடனே பதிவு செய்யாமல், ஒரு வருடம் ஆபீஸ் வேலை பழகலாம் என்று வக்கீலம்மாவிடம் சேர்ந்தேன். ஒரு வருடம் மூன்று வருடமானது. கல்லூரியில் ஐந்து வருடம் படித்ததை அந்த ஆபீஸில் வக்கீலம்மா ஒவ்வொன்றாக மறக்க வைத்தார்.

வக்கீலம்மாவின் முறைகளைச் சொல்ல வேண்டும். அவர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கோபத்தில் குரல் உயராது. "ஆகு" என்பார், அவ்வளவுதான். நில் என்று அர்த்தம். நான் அந்த ஆபீஸில் அதிகம் கேட்ட வார்த்தை அது. கேஸ் கட்டை ஊசி நூலால்தான் தைக்க வேண்டும், ஸ்டேப்ளர் கூடாது. பக்க எண் ஒன்று தப்பினாலும் திட்ட மாட்டார். நூலை உருவி, தாள்களை மேஜையில் வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார். திரும்பி வருவதற்குள் நான் மறுபடி தைத்திருக்க வேண்டும்.

கட்சிக்காரர் வந்தால் முதல் அரை மணி நேரம் பேனா மூடியைத் திறக்க மாட்டார். என்ன அநியாயம் நடந்தது என்றும் கேட்க மாட்டார். "காலையில ஷட்டர் தூக்குறதுல இருந்து சொல்லுங்க" என்பார். ஒரு சாதாரண நாளை, ஒன்றுமே நடக்காத நாளை, முழுசாகச் சொல்ல வேண்டும். அழுதுகொண்டு வந்தவர்கள்கூட அந்த அரை மணி நேரத்தில் நிதானமாகிவிடுவார்கள். பிறகுதான் பேனா திறக்கும்.

செய்தி படித்துப் பத்து நாள் இருக்கும். காலையில் பேச்சியக்கா நிறுத்தத்தில் நின்றார், கையில் கூடை இல்லை. ராஜபாளையம் பஸ் வந்தது, ஏறவில்லை. என் பஸ்ஸில் என்னோடு ஏறி, பக்கத்தில் உட்கார்ந்து, ஊர் தாண்டும்வரை பேசாமல் வந்தார். பிறகு, "ஒங்க வக்கீலம்மாவப் பாக்கணும்" என்றார்.

நடந்தது இதுதான். நான் சொன்னதை நம்பி அக்கா முதலாளியிடம் போய்க் கடிதம் கேட்டிருக்கிறார். சிரித்துவிட்டுப் போயிருக்கிறார் அவர். அடுத்த திங்கட்கிழமை காலையில், மடிப்பு மேஜையில் உட்காரப் போனவரைப் பின்பக்கம் ப்ளீச் தொட்டிக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள். துணியை வெளுக்கிற மருந்து போடும் தொட்டி அது. அந்த நெடி அக்காவுக்கு ஆகாது, முன்பு ஒரு தடவை மூச்சு இழுத்திருக்கிறது. அது என் வேலை இல்லையே அண்ணாச்சி என்று சொல்லியிருக்கிறார். அதற்கு முதலாளி கேட்டதை அக்கா வக்கீலம்மாவிடம் அப்படியே சொன்னார்.

"ஒன் வேலை என்னன்னு எங்க எழுதியிருக்குன்னு கேட்டாரும்மா. எனக்குப் பதில் வரல. அப்ப நாளையில இருந்து வராதன்னுட்டாரு."

அந்தக் கேள்விக்கு அக்காவை அனுப்பி வைத்ததே நான்தான்.

வக்கீலம்மா பேனாவைத் தொடவில்லை. ஷட்டரிலிருந்து சொல்லச் சொன்னார். அக்கா சொன்னார். சொல்லத் தெரியாத இடம் வந்ததும் மேஜையில் கிடந்த செய்தித்தாளை எடுத்து மடித்துக் காட்டினார். ஓரம் உள்ளே போக வேண்டும், அதன் மேல் இன்னொரு மடிப்பு, வெட்டின விளிம்பு எதுவும் வெளியே தெரியக் கூடாது.

"நூலு வெளிய நின்னா புண்ணுல ஒட்டிக்கிடும்மா. பொறவு டாக்டர் உரிக்கும்போது அந்தப் புள்ளைக்கு உயிர் போகும்."

எந்தப் பிள்ளைக்கு என்று நான் கேட்கவில்லை. யாரோ ஒரு பிள்ளைக்கு. பதினோரு வருடமாக அந்தப் பிள்ளையை நினைத்து மடித்திருக்கிறார்.

அரை மணி நேரம் முடிந்து பேனா திறந்தது. முதல் கேள்வி, வெள்ளைத் தாளில் எங்கேயாவது கையெழுத்துப் போட்டீர்களா என்பது. சேர்ந்த அன்றைக்கே இரண்டு போட்டதாக அக்கா சொன்னார். எல்லாரும் போடுவார்களாம். சேர்கிற அன்று சாமி படத்துக்கு முன்னால் வெள்ளைத் தாளில் கையெழுத்து, பிறகு ஒரு டீ, பிறகு வேலை. அந்தத் தாளில் நாளைக்கு என்ன வேண்டுமானாலும் நிரப்பலாம். ஆளுக்குத் தாள் இல்லாத இடத்தில், தாளில் ஆள் மட்டும் இருக்கிறார்.

நான் பொறுக்க முடியாமல் குறுக்கே விழுந்தேன். புதுச் சட்டம் இருக்கிறதே, நியமனக் கடிதம் கொடுத்தே ஆக வேண்டுமே என்றேன்.

"ஆகு. அர்த்த விளக்கம் பகுதியப் படி."

படித்தேன். நிறுவனம் என்றால் பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் இடம். என் குரல் அந்த வரியிலேயே இறங்கிவிட்டது.

வக்கீலம்மா அக்காவைப் பார்த்து, உங்கள் யூனிட்டில் எத்தனை பேர் என்றார்.

"எட்டும்மா. மொதலாளி மகன் வந்தா ஒம்பது."

அந்தச் சட்டத்தை நான் தலைப்போடு நிறுத்திவிட்டுப் பஸ் நிறுத்தத்தில் பிரசங்கம் செய்திருந்தேன். அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. கீழே வாசல் வரை கொண்டுவிடப் போனபோது மன்னிப்புக் கேட்டேன். "நீ படிச்சதச் சொன்ன. கேட்டது நான்தான. எனக்கும் தெரிஞ்சுக்கிடணும்னு இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, வேலை திரும்பக் கிடைக்குமா என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். அந்த ஆபீஸில் நான் கற்றுக்கொண்ட பதில்களில் அது ஒன்று.

அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் தெருவில் இறங்கி எண்ண ஆரம்பித்தேன். பால்கோவாக் கடையில் கிண்டுகிறவர்கள் இரண்டு பேர், பாக்கெட் போடுகிறவர்கள் மூன்று பேர், கல்லாவில் ஒருவர், ஆறு. ஜெராக்ஸ் கடையில் இரண்டு. மெஸ்ஸில் ஒன்பது, முதலாளியின் மாமியாரைச் சேர்த்தால்தான். பாத்திரக் கடை நான்கு. பல் டாக்டர் மூன்று. தேர் இழுக்கிற வீதியில் ஒரு பக்கம் முழுதும் நடந்தும் பத்தைத் தொட்ட கடை ஒன்றைத்தான் பார்த்தேன், அது துணிக்கடை. மற்ற எல்லாரும் அந்த விளக்க வரிக்கு வெளியே நிற்கிறார்கள். பத்தாவது ஆள் வேலைக்கு வந்தால்தான் முதல் ஒன்பது பேருக்கு உரிமை பிறக்குமா? பத்தாவது ஆள் லீவு போட்டால்?

மாலையில் இதை வக்கீலம்மாவிடம் மூச்சு விடாமல் சொன்னேன். சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்கிறது அரசியலமைப்பின் பதினான்காவது பிரிவு. எட்டுப் பேர் இடத்தில் மடிக்கிறவருக்கும் பன்னிரண்டு பேர் இடத்தில் மடிக்கிறவருக்கும் என்ன வித்தியாசம்? இருபத்தொன்றாவது பிரிவின் உயிர் வாழும் உரிமைக்குள் மானத்தோடு பிழைப்பதும் அடங்கும் என்று எத்தனையோ தீர்ப்பு இருக்கிறது. தன் வேலை என்னவென்று தெரியாமல் மானத்தோடு எப்படிப் பிழைப்பது? நாற்பத்திரண்டில் மனிதத்தன்மையுள்ள வேலைச் சூழல் என்றே எழுதியிருக்கிறது.

அவர் முழுதும் கேட்டார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். நாற்பத்திரண்டு அரசுக்குச் சொன்ன வழிகாட்டி, அதை மட்டும் வைத்துக் கோர்ட்டில் வாங்க முடியாது. பதினான்கை அரசுக்கு எதிராகக் கேட்கலாம், ராஜபாளையத்தில் யூனிட் வைத்திருக்கும் ஒருவரை அதை வைத்து இழுக்க முடியாது. சின்ன வியாபாரத்துக்குப் பாரம் கூடாதென்று ஒரு கோடு போட்டோம் என்று அரசு சொல்லும். கோடு எங்கே போட்டாலும் ஒருவர் வெளியேதான் நிற்பார் என்றும் சொல்லும். ஆனால் ஒரு தாள் எழுதிக் கொடுப்பது எவ்வளவு பெரிய பாரம் என்று மதுரை ஹைகோர்ட்டில் கேட்டுப் பார்க்கலாம். அது நல்ல கேள்விதான்.

எனக்கு அங்கேயே மனு எழுத உட்கார வேண்டும் போல இருந்தது.

"கவிதா, அது பல வருசம் ஓடும். அந்தம்மாவுக்கு இந்த மாசம் வேலை வேணும். ஒன் கேள்விக்கு அவங்கள வாடகைக்கு எடுக்காத."

அதற்குப் பிறகு நான் சமரசப் பேச்சுக்கான மனுவைத்தான் தட்டச்சு செய்தேன். வேலையை விட்டு நிறுத்தியது பற்றித் தொழிலாளர் அலுவலரிடம் கொடுக்கும் மனு. அதில் முதல் தடை, அங்கே வேலை பார்த்ததை முதலில் தொழிலாளிதான் காட்ட வேண்டும். வருடத்தில் இருநூற்று நாற்பது நாளாவது வேலை பார்த்ததாகக் காட்ட வேண்டும். காட்டுவதற்கு எதுவும் இல்லை. அடையாள அட்டை இல்லை, வருகைப் பதிவு இல்லை. கூட வேலை பார்க்கும் ஏழு பேரில் யாரும் சாட்சிக்கு வர மாட்டார்கள் என்று அக்காவே சொல்லிவிட்டார். அவர்களைக் குறை சொல்லவும் விடவில்லை.

வக்கீலம்மா எழுதி வைத்திருந்த அக்காவின் ஒரு நாளைத் தட்டச்சு செய்யும்போது ஒரு வரியில் என் கை நின்றது. ஒவ்வொரு பாக்கெட்டை ஒட்டுவதற்கு முன்னாலும் மடித்தவரின் நம்பர் அச்சடித்த சின்னச் சீட்டு ஒன்றை உள்ளே போடுவார்களாம். ஆஸ்பத்திரியிலிருந்து புகார் வந்தால் யார் மடித்தது என்று பார்க்க. அக்கா நாலாம் நம்பர்.

யோசித்துப் பாருங்கள். முதலாளி எழுதி வைக்காமல் இல்லை. எந்த ஊர் ஆஸ்பத்திரியில் பாக்கெட்டைப் பிரிக்கிற நர்ஸுக்கும் இதை நாலாம் நம்பர் மடித்தார் என்று எழுதிச் சொல்லியிருக்கிறார். மடித்தவரிடம் மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் வக்கீலம்மாவிடம் சொல்லாமலே ராஜபாளையம் போனேன். அந்த யூனிட்டின் காஸ் பாக்கெட் விற்கும் மருந்துக் கடையைக் கண்டுபிடித்து ஆறு பாக்கெட் வாங்கினேன். கடை வாசலிலேயே ஆறையும் கிழித்தேன். மூன்றாவதில் நாலாம் நம்பர் சீட்டு. அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை பஸ்ஸில் அதை உள்ளங்கையிலேயே வைத்திருந்தேன்.

வக்கீலம்மா சீட்டைப் பார்க்கவில்லை. கிழிந்த பாக்கெட்டைப் பார்த்தார்.

"ஆகு. ஒட்டு எங்க?"

எனக்குப் புரிந்துவிட்டது. பிரித்தாகிவிட்டது. அந்தச் சீட்டு உள்ளே இருந்ததற்கு என்னைத் தவிர யாரும் சாட்சி இல்லை. எந்த யூனிட்டிலும் ஒரு சீட்டைப் பொறுக்கி எந்தப் பாக்கெட்டிலும் நான் போட்டிருக்கலாம். வேகமாக ஓடி, கிடைத்ததைக் கையாலேயே கெடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அவர் திட்டவில்லை, கேஸ் கட்டின் நூலை உருவுவது போல அந்த ஆறு பாக்கெட்டையும் ஒரு பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டார். திரும்பப் போ, பிரிக்காமல் ஒரு டஜன் வாங்கு, கடைக்காரர் கையெழுத்தோடு பில் வாங்கு, பாக்கெட் மேல் இருக்கும் தேதி அக்கா வேலையில் இருந்த மாதமா என்று பார், பிறகு என் மேஜையில் வை, தொடாதே. இதுதான் உத்தரவு. கடைக்காரர் என்னை இரண்டாவது தடவை பார்த்ததும், வீட்டில் யாருக்கும்மா இவ்வளவு காயம் என்று விசாரித்தார்.

சமரசப் பேச்சு நாளில் தொழிலாளர் அலுவலரின் அறையில் ஒரு நீள மேஜை. ஒரு பக்கம் அக்கா, வக்கீலம்மா, நான். எதிரே முதலாளி, அவருடைய வக்கீல். முதலாளியை நான் வில்லனாக நினைத்து வைத்திருந்தேன். வந்தவர் வெள்ளைச் சட்டையில் பஞ்சு ஒட்டியிருந்த, வேலையிலிருந்து நேராக எழுந்து வந்த மனிதர். அக்காவைப் பார்த்ததும், நல்லா இருக்கியா பேச்சி என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார். பிறகு அவருடைய வக்கீல் பேசினார். இந்த அம்மா வேலையாள் இல்லை, எப்போதாவது கூடமாட ஒத்தாசைக்கு வருவார், அவ்வளவுதான் என்றார். முதலாளி தலையை ஆட்டினார், ஆனால் மேஜையைப் பார்த்துக்கொண்டு.

வக்கீலம்மா பன்னிரண்டு பாக்கெட்டையும் எடுத்து வைத்தார். பில்லை அலுவலரிடம் கொடுத்தார். நான் எதிர்பார்த்தது அலுவலர் பிரிப்பார் என்று. இல்லை, வக்கீலம்மா முதலாளியையே பிரிக்கச் சொன்னார். அலுவலரும் சரி என்றார்.

முதலாளி பிரிக்கிற விதமே வேறாக இருந்தது. நான் கிழித்தேன், அவர் ஒட்டின இடத்தை நகத்தால் தூக்கி, தாள் கிழியாமல் திறந்தார். இரண்டு, ஏழு, ஒன்று என்று சீட்டு வந்தது. ஐந்தாவது பாக்கெட்டில் நான்கு. அலுவலர் யார் இந்த நாலு என்றார். யாராகவும் இருக்கலாம், நம்பர் மாறிக்கொண்டே இருக்கும் என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.

வக்கீலம்மா அந்தக் காஸ் துணியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எப்பவாச்சும் ஒத்தாசைக்கு வாரவங்க மடிச்சதுன்னா சரிதான். மடிப்பு கோணலா இருக்கே."

முதலாளி சட்டென்று நிமிர்ந்தார். "கோணலா? நல்லாப் பாருங்கம்மா. நாலாம் நம்பர் மடிப்பு அது. பதினோரு வருசத்துல ஒரு கம்ப்ளைண்ட் வந்ததில்ல."

அவருடைய வக்கீல் பேனாவை மூடினார். என்ன சொன்னோம் என்பது முதலாளிக்குச் செத்த நேரம் கழித்துத்தான் விளங்கியது. ஆனால் சொன்னதை மாற்றிச் சொல்லவும் அவருக்கு மனசு வரவில்லை என்று நினைக்கிறேன். தன் சரக்கைக் கோணல் என்று ஒத்துக்கொள்ள வேண்டுமே. பேச்சியக்கா தலையைக் குனிந்துகொண்டார். சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

வக்கீலம்மாவிடம் பிறகு கேட்டேன், அவர் அப்படிச் சொல்லுவார் என்று எப்படித் தெரியும் என்று. தெரியாது, ஆனால் சொந்தக் கையால் வேலை செய்து யூனிட் வைத்தவர், சரக்கைச் சொன்னால் சும்மா இருக்க மாட்டார் என்று நினைத்தேன் என்றார். சட்டப் புத்தகத்தில் இந்த அத்தியாயம் இல்லை.

அதற்குப் பிறகு பேச்சு சீக்கிரம் முடிந்தது. அக்காவைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். ஒப்பந்தம் தயாரானது. 'முன்பு பார்த்த வேலையிலேயே தொடர்ந்து பணியமர்த்தப்படுவார்.' நான் பேனாவை எடுத்து அக்காவிடம் நீட்டினேன். அக்கா வாங்கவில்லை. ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். வெள்ளைத் தாளில் இரண்டு கையெழுத்துப் போட்டவர் இந்தத் தடவை அவசரப்படவில்லை.

"முன்ன பாத்த வேலைன்னா என்ன வேலைன்னு இதுல எழுதலையே" என்றார்.

அதுதான் எல்லாருக்கும் தெரியுமே என்றார் அலுவலர். ப்ளீச் தொட்டிக்குப் போகச் சொன்ன அன்னைக்கும் எல்லாருக்கும் தெரியும்தான் சார் என்றார் அக்கா. அலுவலர் மறுபடி பேனாவை எடுத்தார். ஹெல்ப்பர் என்று போட்டுவிடலாம் என்றார் முதலாளி.

"நான் யாருக்கு அண்ணாச்சி ஹெல்ப் பண்ணுதேன்? மடிக்கது நான். நீங்கதான் எனக்குத் துணி எடுத்துக் குடுத்து ஹெல்ப் பண்ணுதீக."

முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது. இவளுக்கு எழுதினால் மீதி ஏழு பேரும் வந்து நிற்பார்கள் சார் என்று அலுவலரிடம் முறையிட்டுப் பார்த்தார். வந்தால் என்ன என்றார் அலுவலர். கடைசியில் எழுதினது இது: 'காஸ் துணி மடிப்பாளர். மடிப்பு மேஜையில் மட்டும். ப்ளீச் பகுதி வேலை இதில் சேராது.' அதன் கீழே பேச்சியம்மாள் என்று கையெழுத்துப் போட்டார். நகலை நான்காக மடித்தார், ஓரம் உள்ளே போக.

கேஸ் கட்டில் இருக்கிற பாதி இங்கே முடிகிறது. கேஸ் கட்டில் இல்லாதது இனிமேல்தான்.

வெற்றிதான், ஆனால் எனக்குக் குறுகுறுப்பு அடங்கவில்லை. தன் வேலையின் பெயரைத் தெரிந்துகொள்ள ஒருவர் அந்த வேலையை முதலில் இழக்க வேண்டியிருந்தது. மீதி ஏழு பேருக்கு அந்த வழியையா காட்டுவது? வேலையை விடும் முன் வக்கீலம்மாவிடம் போய், எனக்கும் மூன்று வருடமாக நியமனக் கடிதம் கிடையாதே என்றேன். ஆபீஸில் மொத்தம் மூன்று பேர். அது தனக்குத் தோன்றவே இல்லை என்றார், சாக்குச் சொல்லவில்லை. பிறகு, நீ பார்க்கிற வேலையை நீயே எழுதிக் கொண்டு வா, சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. பெயர் எழுதினேன், குமாஸ்தா என்று எழுதினேன். பிறகு? ஷட்டர் தூக்குவதிலிருந்து ஆரம்பித்தேன். இரண்டு பக்கம் வந்தது. அதில் மூன்று வேலைகள் நான் செய்வதே வக்கீலம்மாவுக்குத் தெரியாது. இரண்டு வேலைகள் என்னுடையவை என்று எனக்கே தெரியாது, அவர் சேர்த்தார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அந்த இரண்டு பக்கத்தைப் பார்த்தபோதுதான் அடுத்த வழி தெரிந்தது. முதலாளி எழுதித் தரவில்லை என்றால், தொழிலாளி எழுதி முதலாளிக்கு அனுப்பினால் என்ன? இதுதான் நான் பார்க்கும் வேலை, இத்தனை மணிக்கு வருகிறேன், இன்னது செய்கிறேன், தவறு இருந்தால் முப்பது நாளைக்குள் எழுத்தில் திருத்தித் தாருங்கள். ஸ்பீடு போஸ்டில், வாங்கினவர் கையெழுத்து நமக்குத் திரும்பி வரும் முறையில். இதற்குப் பத்துப் பேர் தேவையில்லை. ஒருவர் போதும்.

வக்கீலம்மாவிடம் சொன்னேன். "ஆகு" என்று அவர் சொல்லவில்லை. முதலாளி கோபத்தில் யாரையாவது நிறுத்தினால் என்ன செய்வாய் என்று மட்டும் கேட்டார். இந்தத் தடவை அதை யோசித்துவிட்டேன். யாரையும் நான் கேட்கப் போவதில்லை. தானாக வருகிறவருக்கு, பத்துப் பேர் வரியையும், வேலை போகலாம் என்பதையும் முதலில் சொல்லிவிட்டுத்தான் பேனாவைத் திறப்பேன். அப்படி அனுப்பிய கடிதத்துக்கு முப்பது நாளில் பதில் வரவில்லை என்றால், அந்தக் கடிதத்தையும் திரும்பி வந்த கையெழுத்தையும் வைத்து மதுரையில் மனு. பத்துப் பேர் என்ற கோட்டைக் கேட்கிற மனு. இப்போது நானே வக்கீலாகப் பதிவு செய்துவிட்டேன், முதல் வக்காலத்து அதுவாக இருக்க வேண்டும் என்று ஆசை.

போன ஞாயிற்றுக்கிழமை பேச்சியக்கா என் வீட்டுக்கு ஒருவரைக் கூட்டி வந்தார். சுப்பையா அண்ணன். அதே யூனிட்டில் ப்ளீச் தொட்டியில் நிற்கிறவர். மற்ற ஆறு பேருக்கும் இன்னும் பயம், அது நியாயமான பயம். இவர் மட்டும் வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், வேலை போகலாம் என்பதையும் சேர்த்து. கேட்டுக்கொண்டார். நான் பேனாவை மூடி வைத்துக்கொண்டு, ஷட்டரிலிருந்து சொல்லுங்கள் என்றேன்.

தண்ணீர் பிடிப்பது, துணி நனைப்பது, கேனைத் தூக்கி ஊற்றுவது, கழியால் கலக்குவது. எல்லாம் சொன்னார். கேனில் என்ன மருந்து என்று கேட்டேன். தெரியாது என்றார். மேலே ஒட்டியிருந்த தாளைக் கிழித்துவிட்டுத்தான் உள்ளே கொண்டுவருவார்களாம். அந்த வரியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகப் பார்த்தேன். சுப்பையா அண்ணன் விடவில்லை.

"அதையும் எழுதும்மா. கேன்ல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதுன்னு எழுது. அத அவரு திருத்தித் தரட்டும்."

எழுதியிருக்கிறேன். பேச்சியக்கா படித்துப் பார்த்துச் சரி என்றார். நாளை காலையில் அந்தக் கடிதத்தோடு ராஜபாளையம் தபால் ஆபீஸுக்கு மூன்று பேரும் போகிறோம்.